இயந்திரத்திடம் மனக்குறை சொன்ன அறுபது ஆண்டுகள்



பிள்ளைகளை மதரஸாவில் சேர்த்திருக்கும் பெற்றோர் அண்மைக் காலமாக ஆசிரியர்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று புதியது. கல்லூரியில் பயிலும் மகளோ, வளைகுடா நாட்டில் தனித்து வாழும் மகனோ தம் மனச்சுமையைக் கைபேசியிலுள்ள ஒரு செயலியிடம் சொல்லி ஆறுதல் தேடுகின்றனர். அது மனிதரைப் போலவே பதில் சொல்கிறது, நள்ளிரவிலும் விழித்திருக்கிறது. இதனால் நன்மை உண்டா, கேடு உண்டா என்பதே அக்கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது முஃப்திகளின் பணி. நாம் இங்கே பார்க்கவிருப்பது வரலாற்றை மட்டுமே. இந்த விஷயம் நேற்று முளைத்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதற்கு அறுபது வயது ஆகிறது. இந்த அறுபது ஆண்டுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை ஏராளம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் இருந்தார். 1923-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சி இறுகிய வேளையில், 1936-இல், தம் 13-ஆம் வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். கணினியோடு மனிதர் தம் சொந்த மொழியிலேயே உரையாட இயலுமா என்று ஆராய அவர் ஒரு நிரலை எழுதி, 1966 ஜனவரியில் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பெர்னார்ட் ஷாவின் நாடகமொன்றில், பேச்சைத் திருத்திக் கொண்டு உயர்குடிப் பெண்ணாகத் தோன்றும் பூக்காரியின் பெயர் எலிசா. அப்பெயரையே தம் நிரலுக்கும் சூட்டினார். பூக்காரி உண்மையில் சீமாட்டி ஆகிவிடவில்லை, பேச்சு மட்டுமே மாறியது என்ற குறும்பும் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

எலிசாவுக்கு அவர் கொடுத்த வேடங்களுள் புகழ்பெற்றது 'டாக்டர்'. மனநல மருத்துவர் நோயாளியிடம் பேசுவதைப் போல அது பேசும். இந்த வேடத்தை அவர் தேர்ந்ததற்கு ஒரு தந்திரமான காரணம் இருந்தது. அக்காலத்தில் கார்ல் ரோஜர்ஸ் என்னும் உளவியலாளரின் முறை செல்வாக்குடன் விளங்கியது. அம்முறையில் ஆலோசகர் அறிவுரையைக் கொட்டமாட்டார். நோயாளி சொன்னதையே கனிவோடு திருப்பிச் சொல்லி, அவரே மேலும் பேசுமாறு தூண்டுவார். உலகத்தைப் பற்றி எதுவுமே அறியாதவர் போல இருந்தும் உரையாடலை நடத்திச் செல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். உலகத்தைப் பற்றி எதுவும் அறியாத இயந்திரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேடம் வேறில்லை.

அது இயங்கிய விதத்தை நம் வீட்டுப் பேச்சிலிருந்தே எடுத்துக்காட்டிவிடலாம். "என் வாப்பா என்னோடு பேசுவதில்லை" என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். நிரல் அவ்வாக்கியத்தில் தனக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலிலுள்ள சொல் எதுவும் இருக்கிறதா என்று தேடும். 'என்' என்பதை 'உங்கள்' என்றும், 'என்னோடு' என்பதை 'உங்களோடு' என்றும் மாற்றி, "உங்கள் வாப்பா உங்களோடு பேசுவதில்லையா?" என்று திருப்பிக் கேட்கும். 'வாப்பா' குடும்பச் சொல் என்று பட்டியலில் குறிக்கப்பட்டிருந்தால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்கும். எச்சொல்லும் பிடிபடாவிட்டால், முன்பு சொன்ன ஒன்றை நினைவிலிருந்து எடுத்து அதைப் பற்றிக் கேட்கும். அல்லது மேலே சொல்லுமாறு பொதுவாக வேண்டிக்கொள்ளும். அவ்வளவே. வாப்பா என்றால் என்ன, பேசாமல் இருப்பதால் ஏன் நெஞ்சு நோகிறது என்பன பற்றி அதற்கு ஒரு துளியும் தெரியாது.

வைசன்பாமை அதிரவைத்தது அடுத்து நிகழ்ந்ததுதான். அவருடைய செயலாளராக இருந்த பெண்மணி, அவர் மாதக்கணக்கில் அந்நிரலை எழுதியதைக் கண்ணால் கண்டவர். அது வெறும் நிரல் என்பதை நன்கறிந்தவர். அவரே ஒருநாள் எலிசாவோடு பேச அமர்ந்து, சில பேச்சுகள் முடிந்ததும், பேராசிரியரைச் சற்று அறையைவிட்டு வெளியே போகுமாறு கேட்டுக்கொண்டார். இன்னொரு முறை, எலிசாவோடு நடக்கும் உரையாடல்களைச் சேமித்து ஆராயலாமே என்று வைசன்பாம் சொன்னபோது, மக்களின் அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாக அவர்மீது குற்றம் சாட்டினர். தம் நிரலோடு ஒரு மனிதருக்கு அந்தரங்கம் இருக்க முடியும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

இந்த இரண்டு சிறு நிகழ்வுகளையும் நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் வந்த எல்லாச் செயலிகளின் வெற்றியும் தோல்வியும் இவற்றுள் அடங்கியிருக்கின்றன. செவிமடுப்பது போலத் தோன்றும் எதனிடமும் மனிதன் மனம் திறக்கிறான். திறந்த பின்னரே, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற அச்சம் அவனுக்கு வருகிறது.

அதே 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் கென்னத் கோல்பியும் அவருடைய துணையாளர்களும் கணினிவழி மனச்சிகிச்சை பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினர். மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த மருத்துவமனைகளில் இத்தகைய கணினி ஒன்று மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க இயலும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். வைசன்பாமுக்கு இது பொறுக்கவில்லை. தாம் விளையாட்டாகச் செய்து காட்டிய வேடத்தை ஒரு மருத்துவரே மருந்தாக ஏற்கத் துணிந்தால், அவர் தம் தொழிலைப் பற்றி என்னதான் நினைத்திருக்கிறார் என்று அவர் வியந்தார். 1976-இல் வெளியிட்ட நூலில், கணினியால் செய்ய முடிந்தாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத பணிகள் உண்டு, மனிதத் துயரைக் கேட்பது அவற்றுள் ஒன்று என்று வாதிட்டார். கணக்கிட்டு முடிவெடுப்பது வேறு, பொறுப்பேற்றுத் தேர்ந்தெடுப்பது வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். கோல்பியோ தளரவில்லை. 1972-இல் மிகைச் சந்தேக நோய் கொண்டவரைப் போலப் பேசும் 'பாரி' என்ற நிரலை ஆக்கினார். அதன் பேச்சையும் உண்மை நோயாளிகளின் பேச்சையும் எழுத்தில் படித்த மனநல மருத்துவர்களால் எது எதுவென்று சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. பிற்காலத்தில் மனச்சோர்வுக்கான மென்பொருளொன்றையும் அவர் ஆக்கினார்.

இவ்விருவருள் யார் பக்கம் நியாயம்? நம் மனம் வைசன்பாமையே சார்கிறது. ஆயினும் கோல்பி எழுப்பிய கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மருத்துவரே இல்லாத ஊரில் நோயாளி யாரிடம் போவார்?

அக்கேள்விக்கு இயந்திரமின்றி விடை கண்டவர் ஒருவர் உண்டு. லண்டனைச் சேர்ந்த சாட் வாரா என்ற கிறிஸ்தவப் போதகர் தம் பணியின் தொடக்கத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்த நேர்ந்தது. உடலில் இயல்பாக நேரும் மாற்றத்தைக் கொடிய நோயென்று அஞ்சி, கேட்டுத் தெளிய ஒருவருமின்றி, அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த நினைவு அவரை விடவில்லை. 1953-இல் தொலைபேசிவழி ஆறுதல் சேவையைத் தொடங்கினார். அதுவே இன்றைய 'சமாரிட்டன்ஸ்'. அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தொண்டர்களை அமர்த்தியிருந்தார். தொண்டர்களிடம் பேசிய பலர், அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இன்றி மனம் தேறித் திரும்பினர். அவ்வழியைப் பின்பற்றி, சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' அமைப்பைத் தொடங்கினார். முகம் தெரியாத தொலைவு நோயாளிக்குச் சில வேளைகளில் அருளாகவே அமைகிறது. ஆனால் அந்தத் தொலைவின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார்.

இனிச் சிகிச்சை முறைக்கு வருவோம். 1960-களில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆரோன் பெக் என்னும் மருத்துவர், நோயாளியின் மனத்தில் தாமாக எழும் தவறான எண்ணங்களை அடையாளம் கண்டு, சான்றுகளோடு எடைபோட்டுத் திருத்தப் பயிற்றும் முறையை வகுத்தார். சுருக்கமாக அதைச் சி.பி.டி. என்பர். இது படிப்படியானது, வீட்டுப்பாடம் கொண்டது, ஆதலால் கணினியில் ஏற்றுவதற்கு எளிது. இன்றைய செயலிகளுள் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே.

இதைக் கேட்கும்போது நம் மரபில் வந்த ஓர் அறிஞரை நினையாதிருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 322, அதாவது 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருசேர ஆயும் நூலொன்றை அரபியில் எழுதினார். அதன் இரண்டாம் பகுதி முழுவதும் மனத்தைப் பற்றியது. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நால்வகை மனத் துன்பங்களை அவர் தனித்தனியே ஆராய்கிறார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணமே தெரியாமல் வரும் துயரத்தையும் வேறு பிரிக்கிறார். பின்னதற்கு உடலில் மூலம் இருக்கலாம் என்றும், அதற்கேற்ற மருத்துவம் வேண்டும் என்றும் கருதுகிறார். மருந்தை வீட்டில் எடுத்து வைத்திருப்பது போல, நலமாக இருக்கும் நாள்களிலேயே நல்லெண்ணங்களைத் தேடிச் சேர்த்து வைத்து, துன்பம் வரும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறார். பிறர் சொல்லும் நல்லுரையும் மருந்தே என்கிறார். இந்நூலின் கையெழுத்துப் பிரதிகள் இஸ்தான்புல்லின் அயா சோஃபியா தொகுப்பில் நெடுங்காலம் கிடந்தன. மனத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சூடானைச் சேர்ந்த உளவியலாளர் மாலிக் பத்ரீ. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதிய நூல் நம் மதரஸாக்களில் ஓதப்படுவதில்லை என்பது நமக்குள்ள குறை.

மீண்டும் கணினிக்கு வருவோம். 1990-இல் அமெரிக்காவில் 36 நோயாளிகளைக் கொண்டு ஒரு சிறு ஆய்வு நடந்தது. லேசான அல்லது நடுத்தரமான மனச்சோர்வு கொண்ட அவர்களுள் சிலருக்குக் கணினி வழியாகவும், சிலருக்கு மருத்துவர் வழியாகவும் இதே முறை கற்பிக்கப்பட்டது. இருசாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். இதனால் எழுந்த நம்பிக்கை பெரிது. இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2006-இல் இத்தகைய கணினிப் பாடத்திட்டமொன்றைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

பின்னர் வந்தது ஒரு பெரிய சோதனை. அதே இங்கிலாந்தில் மனச்சோர்வுற்ற 691 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவர் கவனிப்பைப் பெற்றவர்களையும், அதோடு கணினிப் பாடத்தையும் சேர்த்துப் பெற்றவர்களையும் ஒப்பிட்டனர். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாடத்திட்டம் தவறானதா என்றால், அப்படிச் சொல்ல இடமில்லை. பெரும்பாலானோர் ஓரிரு பாடங்களோடு நிறுத்திவிட்டனர்! மனச்சோர்வின் முதல் அடையாளமே எதையும் தொடங்கவும் தொடரவும் மனம் இல்லாமை. அந்நோயாளியிடம் நீயாகவே தினமும் படி என்று பாடத்தைக் கொடுத்தால் அவர் எப்படிப் படிப்பார்? கிதாபை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே ஆலிமாகிவிடும் என்று எண்ணுவதைப் போன்றது அது.

இதற்கு நேர்மாறான ஆய்வொன்றும் அதே நாட்டிலேயே நடந்திருந்தது. 2009-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வில் 297 பேர் கலந்துகொண்டனர். நோயாளி ஓரிடத்திலும் உளவியல் சிகிச்சையாளர் வேறிடத்திலும் இருந்து, குறித்த நேரத்தில் இணையம் வழியே ஒருவருக்கொருவர் தட்டச்சு செய்து பேசிக்கொண்டனர். முகம் பார்க்கவில்லை; குரல் கேட்கவில்லை. நான்கு மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களுள் 38 விழுக்காட்டினர் தேறினர். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுள் 24 விழுக்காட்டினரே தேறினர். சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பல்லாண்டு செய்த சோதனைகளும் இதையே காட்டின: சிகிச்சையாளர் ஒருவர் வாரந்தோறும் சில நிமிடம் விசாரித்து வழிகாட்டினால் இணையவழிச் சிகிச்சை நேர்முகச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாகிறது. நோய் லேசாக இருப்பின் வழிகாட்டுபவர் இல்லாமலும் பயன் கிடைக்கிறது. நோய் கடுமையாக இருப்பின் வழிகாட்டுபவர் இன்றியமையாதவர்.

ஆகவே, காணொளியிலோ தொலைபேசியிலோ தகுதிபெற்ற ஆலோசகரிடம் பேசுவது வீண்வேலை என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம். அது வீண்வேலையன்று, ஆய்வில் தேறிய வழி. வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்கும் சகோதரிகளுக்கும், வெளிநாட்டில் தமிழ் அறிந்த மருத்துவர் கிடைக்காத சகோதரர்களுக்கும் அது பேருதவி.

உரையாடும் மென்பொருள்களின் கதை வேறு வகையானது. 2017-இல் 'வோபாட்' என்ற உரையாடு மென்பொருளைப் பற்றிய ஆய்வு வந்தது. 18 முதல் 28 வயதுக்குட்பட்ட 70 பேர் பங்கேற்றனர். ஆய்வுக்காலம் இரண்டே வாரம். மனச்சோர்வு பற்றிய மின்னூலைப் படித்தவர்களைவிட, மென்பொருளோடு பேசியவர்களுக்குச் சோர்வு சற்று அதிகமாகக் குறைந்தது. இந்தியாவிலும் பெங்களூரில் 'வைசா' என்ற செயலி உருவாகி உலகெங்கும் பரவியது. இவை இரண்டும் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வைத்த பதில்களைக் கொண்டே பேசின. ஆதலால் அவற்றின் பேச்சு அளந்து வைத்தது போல இருந்தது; ஆயினும் விபரீதமாகப் பேசும் அபாயம் குறைவு. அந்த வோபாட்டும் 2025 ஜூன் 30 அன்று தன் செயலியை மூடிவிட்டது. ஆண்டுக்கணக்கில் அதோடு பேசி வந்தவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

இன்றைய செயற்கை நுண்ணறிவு பதிலைத் தானே ஆக்கிப் பேசுகிறது. 2025 மார்ச்சில், டார்ட்மவுத் கல்லூரி ஆய்வாளர்கள் 'தெராபாட்' என்ற மென்பொருளை 210 பேரிடம் சோதித்த முடிவை வெளியிட்டனர். நான்கு வாரம் அதைப் பயன்படுத்திய மனச்சோர்வாளர்களுக்கு நோய்க்குறிகள் சராசரியாக 51 விழுக்காடு குறைந்தன. பெரிய எண்தான். அதைப் பரப்பியவர்கள் பலரும் சேர்த்துச் சொல்ல மறந்த இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, ஒப்பிடப்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையும் பெறாமல் காத்திருந்தவர்கள். மற்றொன்று, அம்மென்பொருளைச் சிகிச்சைக்கென்றே நிபுணர்கள் பல்லாண்டு உழைத்து ஆக்கியிருந்தனர். உரையாடல்களை மனிதர்கள் கண்காணித்தும் வந்தனர். நம் பிள்ளைகள் கைபேசியில் வைத்திருக்கும் பொதுவான அரட்டைச் செயலிகளுக்கு அந்தக் கண்காணிப்பு இல்லை. ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

கண்காணிப்பற்ற மென்பொருள் என்ன செய்யும் என்பதற்கு 2023 மே மாத நிகழ்வு ஒன்றே போதும். அமெரிக்காவில் உணவுக் கோளாறு உடையோருக்கென இயங்கும் ஓர் அமைப்பு, மனிதர்கள் நடத்திய தன் உதவித் தொலைபேசியை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் தளத்தில் 'டெஸ்ஸா' என்ற மென்பொருள் இருந்தது. உடல் மெலிய வேண்டுமென்று பட்டினி கிடந்து நோயுற்றவர்களிடம், உணவின் அளவைக் குறைக்கவும் எடையைக் குறைக்கவும் அது வழி சொன்னது! சில நாள்களிலேயே அது நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம், உரிமம் பெற்ற நிபுணர் இன்றிச் செயற்கை நுண்ணறிவே மனச்சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தால் தடை செய்தது.

நம் வீடுகளில் அதிகம் காணப்படும் ஒரு நோயைக் கொண்டு இதைத் தனியே விளக்க விரும்புகிறோம். உளூ கூடிற்றா இல்லையா என்று பத்து முறை கை கழுவுவோர், தக்பீர் கட்டியது சரியா என்று தொழுகையை முறித்து மீண்டும் தொடங்குவோர், தலாக் என்ற சொல் மனத்தில் தோன்றியதாலேயே நிக்காஹ் முறிந்துவிட்டதோ என்று அஞ்சி ஆலிம் ஆலிமாக அலைவோர் உண்டு. பல்கீ வஸ்வாஸ் என்று வகுத்தது இத்தகைய துன்பத்தையே. இவர்களுக்கு நம் ஃபுகஹாக்கள் சொன்ன வழி, சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வது. உறுதியான ஒன்றைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது அவர்களுடைய விதி. இன்றைய உளவியலும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: திரும்பத் திரும்ப உறுதிமொழி கேட்பதும், அதைக் கொடுப்பதும் நோயை வளர்க்கும். அனுபவமுள்ள ஆலிம் மூன்றாம் முறை கேட்கும்போதே, "இதற்குமேல் பதில் சொல்லமாட்டேன், போய்த் தொழுங்கள்" என்று நிறுத்திவிடுவார். எப்போது கேட்டாலும் சலிப்பின்றிப் பதில் சொல்லும் இயந்திரமோ நாற்பதாம் முறையும் கனிவோடு உறுதி கூறும். அதன் பொறுமை இங்கே நஞ்சாகிவிடுகிறது.

அந்தரங்கம் பற்றிய செய்தி இன்னும் கடுமையானது. பின்லாந்து நாட்டில் 'வஸ்தாமோ' என்ற மனச்சிகிச்சை நிறுவனம் இருந்தது. நோயாளிகள் ஆலோசகர்களிடம் சொன்னவை அதன் கணினிகளில் குறிப்புகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. போதிய பாதுகாப்பு இல்லாததால் அவை திருடப்பட்டன. 2020 அக்டோபரில், ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒருவன் நிறுவனத்தை மிரட்டினான்; பணியாததால் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, 200 யூரோ தராவிட்டால் சொன்னதையெல்லாம் வெளியிடுவேன் என்றான். 2024-இல் அவனுக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நிறுவனம் திவாலாயிற்று. வெளியான இரகசியங்களைத் திரும்பப் பெறத்தான் வழியில்லை. திருட்டில்லாமல் நடந்ததும் உண்டு: பெரும் இணையச் சிகிச்சை நிறுவனமான 'பெட்டர்ஹெல்ப்', பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் முதலான நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது, 2023-இல் 78 இலட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. சபையில் பேசப்படுவது அமானிதம் என்று ஓதியவர்கள் நாம். அந்த அமானிதத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்க்காமல் ஒப்படைக்கலாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், பிள்ளைகள் ஏன் இயந்திரத்தை நாடுகின்றனர் என்ற கேள்வி நிற்கிறது. இதற்கு விடை தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை; ஏர்வாடிக்குப் போனால் போதும். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோய் என்றால் ஷைத்தான், சிஹ்ரு, ஜின் என்று ஒதுக்கி வைக்கும் வழக்கமும், குடும்ப மானம் போய்விடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று மறைக்கும் வழக்கமும் அந்தச் சங்கிலியில் கண்ணிகளாக இருந்தன. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத் என்று காய்ச்சலுக்குச் சொல்லும் நாம், மனச்சோர்வு என்று வந்தால் ஈமான் குறைவு என்று சொல்லிவிடுகிறோம். இத்தகைய பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, ஏசாத, வெளியே சொல்லாத ஒன்றிடம் போய்ப் பேசுவதில் வியப்பென்ன? துஆவும் ஓதலும் மனத்துக்கு வலிமை என்பதில் நமக்கு ஐயமில்லை. மருந்துக்குப் பகையாக அவற்றை நிறுத்துவதைத்தான் மறுக்கிறோம். பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் துஆவும் மருந்தும் சேர்த்தே அளிக்கும் திட்டம் வந்தது.

2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, மனநோயுற்றவர்களுள் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டது. கோல்பியின் பழைய கேள்வி நம் ஊரில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்கு நம் மாநிலத்திலேயே கண்ட விடையொன்று உண்டு. சென்னையில் 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளியும் குடும்பத்தாரும் பேருந்தினுள் அமர்வர். திரையில் சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். பேருந்திலேயே மருந்து இலவசமாக வழங்கப்படும். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று விசாரிப்பர். கருவி தொலைவைக் குறைத்தது. கவனிப்பை மனிதர் செய்தனர்.

அரசின் 'டெலி-மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். செயலியோடு பேசும் பிள்ளையின் கைபேசியைப் பிடுங்க வேண்டாம் என்றே பெற்றோருக்குச் சொல்வோம். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் நாள் பார்த்துக் காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரைக் காணும்வரை தனியே விடாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஜனாஸா அறிவிப்பும் தொழுகை நேரமும் எழுதும் பலகையில் அந்த ஐந்து இலக்க எண்ணையும் எழுதி வைக்கலாம். பெண்கள் மதரஸாவின் வாசலிலும் அதை எழுதி வைத்தல் நலம். அங்கேதான் அது அதிகம் தேவைப்படும்.